நாற்காலியிடம் மன்னிப்பு

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். குப்பை வாளியை வாசலில் வைத்தேன். வண்டி வந்து போனதும் காலி வாளியை உள்ளே எடுத்தேன். குளித்தேன். ரொட்டியில் ஜாம் தடவி நின்றபடியே சாப்பிட்டேன். கத்தியைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆறரைக்குக் கணினியைத் திறந்து என் மனைவிக்கு வந்திருந்த மின்னஞ்சல்களைப் படித்தேன். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

மூன்று வந்திருந்தன. ஒன்று மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து. கண் பரிசோதனைக்கு நாளாகிவிட்டதாம். மற்ற இரண்டும் பல்கலைக்கழகத்தின் தொல்குடிக் குரல் ஆதரவு மையத்திலிருந்து. முதல் கடிதம், வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு உறுப்பினராக வரும்படி அவளை அழைத்தது. இரண்டாவது, அதே கூட்டத்தில் அவளுடைய ஆய்வேடு பற்றிப் பேசப்போவதால் அந்த நேரம் மட்டும் அறைக்கு வெளியே இருக்கும்படி கேட்டுக்கொண்டது.

அவள் இறந்துவிட்டாள் என்று மூன்றாவது முறையாகப் பதில் எழுதினேன். உடனே தானியங்கிப் பதில் வந்தது. தங்கள் குரல் எங்களுக்கு முக்கியம், ஐந்து வேலை நாட்களுக்குள் தொடர்பு கொள்கிறோம் என்றது.

அன்றே தொடர்பு கொண்டார்கள். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒன்பதரைக்குக் குளோரின் அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"வணக்கம் சார். மையத்தோட செயலர் பேசறேன். மேடம் தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வரல."

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

"தெரியும் சார். இரங்கல் கடிதம் நான்தான் அடிச்சேன். நல்லா இருந்ததா?"

"இருந்தது."

"நன்றி சார். ஆனா விடுப்புக் கடிதம் வரல. அதான் சிக்கல்."

சிக்கலை விளக்கினார். மையக் குழுவில் ஏழு இடங்கள். ஒன்று தொல்குடிப் பிரதிநிதிக்கு. அந்த இடத்தில் ஆள் இல்லாமல் கூட்டம் நடக்கக் கூடாது. என் மனைவியின் ஆய்வேட்டை ஏற்றுக்கொள்வதற்கான கூட்டம், என் மனைவி வராத காரணத்தால் மூன்று முறை தள்ளிப்போயிருந்தது.

"வாரிசு வரலாம் சார். விதி பதினாலு. ஆனா முதுகலை முடிச்சிருக்கணும்."

"நான் அவங்க மக்கள்ல சேர்ந்தவன் இல்லையே."

"அதை விதி கேட்கல சார். முதுகலை மட்டும்தான் கேட்குது. நீங்க என்ன பாடம்?"

"வேதியியல்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

"அவ தங்கச்சி இருக்கா. அவளைக் கூப்பிடுங்க. அதுதானே முறை?"

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"லிஃப்ட் மெக்கானிக். தொழிற்பயிற்சி முடிச்சிருக்கா."

செயலர் விதிப் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பார்வையாளரா வரட்டும் சார்," என்றார்.

என் மனைவியின் மக்களில் பல்கலைக்கழகத்துக்குள் ஆய்வு மாணவியாக நுழைந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் மையம் அவளை விடவில்லை. பிரதிநிதி அவள். மொழிபெயர்ப்பாளர் அவள். விருந்தினர் வந்தால் வரவேற்புரை அவள். தொல்குடி மக்களுக்கு மையத்தால் ஏதாவது தீங்கு நேர்கிறதா என்று பார்க்க ஒரு துணைக்குழு இருந்தது. அதன் தலைவரும் அவள், உறுப்பினரும் அவள். மீதி நேரத்தில் ஆய்வேடு எழுதினாள். மீதி நேரம் பேருந்தில்தான் கிடைத்தது.

ஆய்வேட்டின் தலைப்பு 'சொன்னவர்களும் எழுதிக்கொண்டவர்களும்'. கேள்வி கேட்க வந்த வெளியாட்களிடம் அவள் மக்கள் என்ன சொன்னார்கள், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது விஷயம். அதில் மூன்றாம் அத்தியாயத்தில்தான் வம்பு.

மையத்தின் தலைவர் ஒரு பேராசிரியர். முப்பது வருடத்துக்கு முன் அவர் அவள் மக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கல்லின் மேல் உட்காரும் முன் அவர்கள் நின்று மூன்று முறை கல்லிடம் மன்னிப்புக் கேட்பார்கள் என்று அதில் நாற்பது பக்கம் இருக்கிறது. உலகில் பல இடங்களில் அந்த நாற்பது பக்கத்தைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த மரபுக்கு மரியாதை செய்யும் விதமாக, மையத்தின் கூட்டங்களில் எல்லோரும் தங்கள் நாற்காலியிடம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

மூன்றாம் அத்தியாயம் சொல்வது இதுதான். அந்தத் தகவலைப் பேராசிரியருக்குச் சொன்னவர் அவளுடைய சித்தப்பா. அவர் வீட்டு முன்னால் ஒரு தட்டைக் கல் இருந்தது. அவர் அரிவாள் தீட்டுவது அதில்தான். அப்போது இளைஞராக இருந்த பேராசிரியர் காலையில் வந்து அதில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்தால்தான் எழுந்திருப்பார். வந்தவரை எழுந்திரு என்று சொல்ல சித்தப்பாவுக்கு வாய் வரவில்லை. மன்னிப்பு விஷயத்தைச் சொன்னால் சங்கடப்பட்டு வேறு இடம் பார்ப்பார் என்று நினைத்தார். பேராசிரியர் எழுதிக்கொண்டார். மறுநாள் வந்து, நின்று, மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, அதே கல்லில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் உட்கார்ந்தால் கல்லுக்குக் கோபம் வரும் என்று சித்தப்பா சேர்த்துச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார். மையத்தின் கூட்டங்கள் எல்லாமே பன்னிரண்டுக்குள் முடிந்துவிடுவதற்கு அதுதான் காரணம்.

அவள் இதைக் கேலியாக எழுதவில்லை. ஏழு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, ஒப்பிட்டு எழுதியிருந்தாள். விருந்தாளியின் மனம் நோகாமல் அவரை எழுப்புவதற்கு அவள் மக்களிடம் எத்தனை வழிகள் உண்டு என்று ஓர் அட்டவணை போட்டிருந்தாள். சித்தப்பாவின் பதிவில் நான்கு நிமிடம் வெறும் சிரிப்பு. அதையும் அடிக்குறிப்பில் குறித்திருந்தாள்.

வெளி ஊர்த் தேர்வாளர்கள் இருவரும் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பேராசிரியர் மட்டும் ஆதாரம் போதாது என்றார். சொன்னவர் உறவினர், அதனால் நடுநிலை இல்லை என்றார். அதே சித்தப்பா அவர் புத்தகத்தில் 'தகவலாளி எண் 4'.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேச வரும்படி அவளுக்குக் கடிதம் எழுதினார். அவரைப் பார்க்கத்தான் அன்று காலை கிளம்பினாள். எங்கள் தெருமுனைவரை நடந்தாள். விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்போது எதுவும் மிச்சமில்லை. முப்பத்தொரு வயது. பேராசிரியர் அடக்கத்துக்கு வந்து என்னைவிட அதிகம் அழுதார். அவர் கெட்டவர் இல்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். மச்சினி வேலைச் சீருடையிலேயே வந்திருந்தாள். இடுப்பில் ஸ்பேனர் பை. அக்காவைவிட நான்கு வயது இளையவள். மையம் ஆறாவது மாடி. லிஃப்டில் காதைச் சுவரில் வைத்துக் கேட்டாள்.

"ரோப் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சோ. மாமா, இறங்கும்போது படியில வாங்க."

மேலே செயலர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை விரலில் ரப்பர் உறை. எனக்கு ஒரு அட்டையை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டார். 'தொல்குடிக் குரல்' என்று இருந்தது. மச்சினியின் அட்டையில் 'பார்வையாளர்'.

மச்சினி என் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "பார்றா. பொண்ணைத்தான் குடுத்தோம்னு நினைச்சேன். குரலையும் சேர்த்துக் குடுத்திருக்கோம் போல."

"என்னை விடு. நான் கேட்டேனா?"

"சும்மா சொன்னேன் மாமா. எங்க மொழியில ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்."

எனக்கு மூன்று தெரியும். மூன்றும் திட்டு. அட்டையை நேராக்கிக்கொண்டேன்.

கூட்ட அறையில் நீள்வட்ட மேசை. ஏழு நாற்காலிகள், சக்கரம் வைத்தவை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு பென்சில். சுவரோரம் பார்வையாளருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிர்ச் சுவரில் ஏசிக்குக் கீழே புதிதாக வெள்ளை அடித்த ஒரு சதுரம்.

எல்லோரும் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். பேராசிரியர் தொடங்கினார். மன்னிக்கணும், மன்னிக்கணும், மன்னிக்கணும். மற்றவர்களும் சொன்னார்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்ததில் இரண்டு நாற்காலிகள் நகர்ந்துவிட்டன. நானும் கேட்டேன். என் நாற்காலி அவளுடையது. கைப்பிடியில் நீல மைக் கறை இருந்தது.

மச்சினி ஏற்கெனவே உட்கார்ந்து கால் மேல் கால் போட்டிருந்தாள்.

பேராசிரியர் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். "பரவாயில்லம்மா. சின்ன வயசுலயே நகரத்துக்கு வந்திருப்பீங்க. இதெல்லாம் மறந்து போயிருக்கும். தப்பு உங்க மேல இல்ல."

"ரொம்ப நன்றிங்க சார்," என்றாள் மச்சினி.

மக்கள் தொடர்பு அதிகாரி முதலில் பேசினார். இளைஞர். கையில் மூன்று அட்டைப் பலகைகள். மூன்றிலும் ஒரே வாசகம், வேறு வேறு அளவில். 'என் குரல் ஓயலாம். என் மக்களின் குரல் ஓயாது.' கீழே என் மனைவியின் பெயர்.

"இது அவ சொன்னதா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கக்கூடியது சார். ஒரு குழு போட்டு எழுதினோம். எந்த அளவு நல்லா இருக்கு? நடுவுல இருக்கறது ஏசிக்குக் கீழ கரெக்டா உட்காரும்."

"அக்கா ஓயறதைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல," என்றாள் மச்சினி. "'வாயை மூடு'ன்னு என்னைச் சொல்லியிருக்கா. அது ஆகுமா?"

"பார்வையாளர் பேசக் கூடாதும்மா," என்றார் செயலர், எழுதிக்கொண்டே. பிறகு, "ஆனா பேசினது குறிப்புல வரும்," என்றார்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். பட்டம் உறுதி என்றார். மறைவுக்குப் பின் வழங்கும் முதல் பட்டம். ஆய்வேட்டை மையமே புத்தகமாகப் போடும். பெயர் அவளுடையதுதான். ஒரே ஒரு மாற்றம்.

"தம்பி, அந்த மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டா என்ன? மத்தபடி தங்கம் மாதிரி வேலை. ஒரு இனத்தோட நம்பிக்கையை அந்த இனத்துப் பொண்ணே விளையாட்டுன்னு எழுதினா, பார்க்கறவங்க அந்த மக்களைப் பத்தி என்ன நினைப்பாங்க? அவங்க குரலை நாமதான் பாதுகாக்கணும்."

"அவகிட்டயிருந்தா?" என்றேன்.

"அப்படி இல்ல தம்பி. அன்னைக்கு அவங்க என்னைப் பார்க்கத்தான் வந்துகிட்டு இருந்தாங்க. ஒத்துக்கிறேன்னு சொல்லத்தான் வந்திருப்பாங்கன்னு என் மனசு சொல்லுது. காலையில வீட்டுல உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த சீட்டில் கரைந்த உப்புகளின் அளவு போட்டிருந்தது. தப்பான அலகில் போட்டிருந்தார்கள்.

"மணி பதினொன்னு நாப்பது," என்றார் செயலர்.

"அவர் சொல்ல வேணாம் சார், நான் சொல்றேன்," என்று மச்சினி எழுந்தாள். "எங்க சித்தப்பா உங்களைப் பத்தி நிறைய சொல்வாரு."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? என்னம்மா சொல்வாரு?"

"நல்லபடியாத்தான் சொல்வாரு. 'என்ன சொன்னாலும் எழுதிக்கிற மனுசன், ஒரு நாள் எதுவும் சொல்லாம இருந்து பார்த்தேன், அதையும் எழுதிக்கிட்டாரு'ம்பாரு."

"அது... ஆறாவது அத்தியாயம். மௌனத்தின் சடங்கு," என்றார் பேராசிரியர் மெதுவாக.

"அன்னைக்கு அவருக்குப் பல் வலி சார்."

மக்கள் தொடர்பு அதிகாரி ஒரு பலகையைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்படின்னா உட்காரும்போது நீங்க எதுவுமே சொல்றதில்லையாம்மா?" என்று கேட்டார் பேராசிரியர். அவர் குரல் சின்னதாகிவிட்டது.

"முட்டி வலிச்சா 'அம்மாடி'ம்போம் சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஐந்து மாதமாக எனக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துட்டா என்ன. அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை.

"இல்லம்மா, ஒரு இனத்துல எல்லாருக்கும் எல்லாம் தெரியாது," என்று பேராசிரியர் கடைசியில் சொன்னார். "சித்தப்பா உங்ககிட்ட மறைச்சிருக்கலாம். அதனால அத்தியாயத்தை எடுத்துடறதுதான் பாதுகாப்பு. வாக்கெடுப்பு வச்சிடலாம். எடுக்கலாம்னு சொல்றவங்க?"

ஆறு கைகள் உயர்ந்தன. செயலர் எண்ணினார். அதில் ஒன்று அவருடைய கை. பிறகு இடது கையால் விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஆறு ஆதரவு. ஆனா விதி இருபத்தி ரெண்டு ஒன்னு இருக்கு சார். தொல்குடி ஆய்வாளரோட எழுத்துல திருத்தம் செய்யணும்னா தொல்குடிப் பிரதிநிதி சம்மதிக்கணும். இல்லேன்னா சமர்ப்பிச்சது சமர்ப்பிச்சபடியே போகும்."

"அந்த விதியை யார் போட்டது?" என்றார் பேராசிரியர்.

"நீங்கதான் சார். மையம் திறந்த அன்னைக்கு. கைதட்டல் வாங்கின விதி."

எல்லோரும் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"இது சரியில்லையே," என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி. "அவர் தொல்குடியே இல்ல."

"முதுகலை இருக்கு," என்றார் செயலர்.

"மேலும் ஆய்வேடு பத்திப் பேசும்போது பிரதிநிதி வெளிய இருக்கணும்னு நீங்களே கடிதம் போட்டீங்க."

"அது மேடத்துக்குப் போட்டது. மேடம் வெளியதான் இருக்காங்க."

மச்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. சிரிப்பாகத்தான் தொடங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி," என்றார் பேராசிரியர். "யோசிச்சுச் சொல்லுங்க. எடுத்துட்டா புத்தகம் அடுத்த மாசமே வரும். அவங்க பேரு நிக்கும். எடுக்கலேன்னா பட்டம் வரும், புத்தகம் வராது. என்னால போட முடியாது. என் கையால எப்படிப் போடுவேன்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அவர் கை அது.

"சம்மதம் இல்ல," என்றேன். "ஒரு வரியும் எடுக்க வேணாம்."

"பிரதிநிதி மறுப்பு," என்று செயலர் எழுதினார். "காரணம்?"

"காரணம் வேணுமா?"

"வேணும் சார். விதி இருபத்தி ரெண்டு, பிரிவு ஆ. ஆய்வாளர் மறைந்திருந்தா, இந்தத் திருத்தம் பத்தி அவர்கிட்ட கேட்கப்பட்டதா, கேட்டிருந்தா அவர் கடைசியா சொன்னது என்ன, அதை அவர் சொன்னபடியே குறிப்புல சேர்க்கணும். சேர்த்தா விஷயம் முடிஞ்சது. யாரும் திரும்ப எடுக்க முடியாது."

"அவ சொன்னது பொருத்தமா இல்லேன்னா?"

"என்ன சொன்னாங்கன்னு விதி பார்க்காது சார். சொன்னாங்களான்னுதான் பார்க்கும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆயிற்று. ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். பழக்கம். பேராசிரியரும் எழுந்தார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரும்ப உட்காரலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றும் தெரியவில்லை. அப்படியே நின்றார்கள். செயலர் நின்றபடியே குறிப்பேட்டை முழங்கையில் வைத்துக்கொண்டார்.

மக்கள் தொடர்பு அதிகாரி குனிந்து என் காதருகே வந்தார். "சார், இந்தப் பலகையில இருக்கறதையே சொல்லிடுங்க. குறிப்புக்கும் ஆச்சு, சுவருக்கும் ஆச்சு."

நடுப் பலகையைப் படித்துப் பார்த்தேன். நல்ல வாசகம்தான். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். எனக்கும் அது வசதி. நான் அன்று என்ன கேட்டேன் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

"எழுதிக்கோங்க," என்றேன்.

செயலர் பேனாவைத் தயாராகப் பிடித்தார். மச்சினி ஜன்னலிலிருந்து திரும்பினாள். அவளுக்கும் இது தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று காலை ஏழேகால். அவள் வாசலில் உட்கார்ந்து செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி நின்றேன். நான் கேட்டேன்: அந்த மூணாவது அத்தியாயத்தை எடுத்துட்டா என்ன? பட்டத்தை வாங்கிட்டு அப்புறமா எழுதிக்கலாமே. பேராசிரியர் கேட்டதும் நான் கேட்டதும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். அவள் நிமிர்ந்து என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கோபமா என்று தெரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தாள். திறந்த கதவைப் பிடித்தபடி சொன்னாள். சொல்லிவிட்டுப் போனாள்.

"கேட்கப்பட்டதா?" என்றார் செயலர்.

"கேட்கப்பட்டது. நான்தான் கேட்டேன்."

"பதில்?"

"அவ சொன்னபடியே எழுதணுமா?"

"ஒரு எழுத்து மாறாம."

சொன்னேன்.

"நீ முதல்ல அந்தச் சட்டையைக் கழட்டித் திருப்பிப் போடு. உள்பக்கம் வெளிய இருக்கு."